நாட்டுத் துப்பாக்கி

நாட்டுத் துப்பாக்கி என்பது தொழிற்சாலையில் அல்லாமல் கொல்லுப் பட்டறையிலோ வீட்டிலோ கையால் செய்யப்படும் துப்பாக்கியைக் குறிக்கும். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இச்சொல் பெரும்பாலும் குழலின் வாய் வழியாகக் கருமருந்தும் ரவையும் இட்டு நிரப்பப்படும் ஒற்றைக்குழல் துப்பாக்கியையே சுட்டுகிறது. காவல்துறைக் குறிப்புகளிலும் நாளிதழ்களிலும் இது எஸ்.பி.எம்.எல். என்ற எழுத்துச் சுருக்கத்தாலும் குறிக்கப்படுவதுண்டு. இலங்கைத் தமிழில் துப்பாக்கி, துவக்கு எனப்படும். அங்கு உள்ளூரில் செய்யப்படும் இதே வகை, இடியன் துவக்கு என்று அழைக்கப்படுகிறது.

இந்தியாவில் உரிமம் இன்றித் துப்பாக்கி செய்வது, தன் சொந்தப் பயனுக்காகச் செய்தாலும், குற்றமாகும். துப்பாக்கி வைத்திருப்பதற்கு உரிமம் பெற ஒரு குடிமகனுக்கு வழி உண்டு. வீட்டில் ஒன்றைச் செய்துகொள்வதற்கு உரிமம் பெற நடைமுறையில் வழி இல்லை. கடந்த ஒன்றரை நூற்றாண்டில் வந்த சட்ட மாற்றங்கள் இவ்வேறுபாட்டை மேலும் மேலும் கூர்மையாக்கியுள்ளன. இக்கட்டுரை அம்மாற்றங்களை, காவிரிப் படுகையின் கரையோரத்தில் தனித்துண்டாக அமைந்துள்ள காரைக்கால் பகுதியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

அமைப்பு

இவ்வகைத் துப்பாக்கி ஒரு முனை அடைக்கப்பட்ட இரும்புக் குழல், மரக்கட்டை, விசை ஆகிய மூன்று பகுதிகளால் ஆனது. ஒவ்வொரு முறை சுட்ட பின்னரும் குழலின் வாயில் மருந்தை இட்டு, கம்பியால் இடித்து, ரவையை நிரப்ப வேண்டும். எனவே ஒரு வேட்டுக்கும் அடுத்த வேட்டுக்கும் இடையே நெடுநேரம் ஆகும். குழலின் உட்புறம் வழவழப்பாக இருப்பதால் குறியும் அண்மையிலேயே பிடிபடும். கொக்கு, காடை போன்ற பறவைகளுக்கும் முயல் போன்ற சிறு விலங்குகளுக்குமே இது ஏற்றது.

செய்பவருக்கும் சுடுபவருக்கும் இதில் உள்ள பெரிய இடர், குழல் வெடித்தல் ஆகும். தொழிற்சாலைத் துப்பாக்கிகள் விற்பனைக்கு வரும் முன் இயல்பைவிட மிகுந்த அழுத்தத்தில் சுட்டுச் சோதிக்கப்பட்டு முத்திரை இடப்படுகின்றன. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் இதற்கெனவே 1813 ஆம் ஆண்டில் ஒரு சோதனைச்சாலை நிறுவப்பட்டது. நாட்டுத் துப்பாக்கிக்கு அத்தகைய சோதனை எதுவும் இல்லை. முதல் வேட்டே அதன் சோதனை. அச்சோதனையின்போது துப்பாக்கி ஒருவரது கன்னத்தை ஒட்டி இருக்கிறது. துப்பாக்கி செய்வதை அரசுகள் தனித்துக் கட்டுப்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். எனினும் இந்தியச் சட்டத்தின் வரலாற்றில் பாதுகாப்பைவிடக் கிளர்ச்சி பற்றிய அச்சமே முதலிடம் பெற்றது.

செய்தோரும் பயன்படுத்தியோரும்

தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கியோடு பெரிதும் சேர்த்துப் பேசப்படுவோர் இரு சாரார். ஒரு சாரார், கல்வராயன் மலை போன்ற மலைப்பகுதிகளில் வாழும் உழவர்கள். காட்டுப்பன்றி முதலியவற்றிடமிருந்து விளைச்சலைக் காப்பதும் வேட்டையும் அவர்களது பயன்பாடு. மற்றொரு சாரார், குருவிக்காரர் என்றும் அழைக்கப்படும் நரிக்குறவர். வாக்ரிபோலி என்ற இந்திய-ஆரிய மொழியைப் பேசும் இம்மக்கள் பறவை வேட்டையில் தேர்ந்தவர்கள். அவர்களுள் சிலர் உரிமத்துடனும் பலர் உரிமம் இன்றியும் இத்துப்பாக்கியை வைத்திருந்தனர். திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி போன்று கூட்டம் கூடும் ஊர்களில் மணிமாலை, ஊசி விற்கும் நரிக்குறவர்களைக் காணும் பலருக்கு, வேட்டையே அவர்களின் முதல் தொழிலாக இருந்தது என்பது தெரிவதில்லை.

மேற்கத்திய நாடுகளில் உள்ளது போல, துப்பாக்கியைத் தானே செய்து பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட கூட்டம் இந்தியாவில் வெளிப்படையாக உருவானதில்லை. அதற்குச் சட்டம் இடம் தரவில்லை. காற்றுத் துப்பாக்கியின் விசையை மாற்றியமைப்போர், பழைய துப்பாக்கிகளைச் செப்பனிட விரும்புவோர், மாதிரி செய்வோர் ஆகியோரை அக்கூட்டத்துக்கு நெருங்கியவர்களாகக் கொள்ளலாம். அவர்களும் கீழே கூறப்படும் அதே பிரிவுகளுக்கே உட்படுகின்றனர்.

குடியேற்றக் காலம்

1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் பிரித்தானிய ஆட்சி படைக்கலங்களைக் கட்டுப்படுத்தச் சட்டங்கள் இயற்றியது. அவற்றுள் நெடுங்காலம் நிலைத்தது, லிட்டன் பிரபு அரசப் பிரதிநிதியாக இருந்தபோது வந்த 1878 ஆம் ஆண்டின் இந்தியப் படைக்கலச் சட்டம் ஆகும். இச்சட்டத்தின்படி துப்பாக்கி செய்யவும் விற்கவும் வைத்திருக்கவும் உரிமம் தேவைப்பட்டது. ஐரோப்பியர் உள்ளிட்ட சிலருக்கு விலக்கு அளிக்கப்பட்டதால் இது இன வேறுபாடு காட்டும் சட்டம் என்று இந்தியத் தலைவர்களால் கண்டிக்கப்பட்டது.

இச்சட்டம் பிரித்தானிய இந்தியாவுக்கு உரியது. காரைக்கால் 1739 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசம் வந்து, இடையில் சில காலம் ஆங்கிலேயரிடம் இருந்தது தவிர, 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஆகவே வடக்கே பூவத்தையும் தெற்கே வாஞ்சூரையும் தாண்டினால் வேறு நாட்டின் சட்டம். ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள, நாற்புறமும் தஞ்சாவூர் மாவட்டத்தாலும் கடலாலும் சூழப்பட்ட ஒரு பகுதியில் இந்நிலை நிலவியது. பிரெஞ்சுப் பகுதிகளின் வழியாகப் படைக்கலங்கள் உள்ளே வரக்கூடும் என்பது பிரித்தானியக் காவல்துறையின் நீங்காத கவலையாக இருந்தது. 1911 சூன் 17 அன்று மணியாச்சித் தொடருந்து நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன், அதற்கு முன் புதுச்சேரியில் வ. வே. சு. ஐயரிடம் பயிற்சி பெற்றிருந்தார். அவர் பயன்படுத்தியது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி, நாட்டுத் துப்பாக்கி அன்று. ஆயினும் அரசின் கட்டுப்பாடு இரண்டுக்கும் ஒன்றாகவே இறுகியது.

1954 நவம்பர் 1 அன்று காரைக்காலின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறியது. 1963 ஆம் ஆண்டின் பாண்டிச்சேரி (சட்டங்கள்) ஒழுங்குமுறை வழியாக நடுவண் சட்டங்கள் பல இப்பகுதிக்கு நீட்டிக்கப்பட்டன. மது, வரி முதலியவற்றில் காரைக்காலும் தமிழ்நாடும் இன்றும் வேறுபட்டாலும், துப்பாக்கியில் அவ்வாறு இல்லை. படைக்கலங்களும் வெடிபொருள்களும் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் 5 ஆம் இனமாக உள்ளன. எனவே எல்லையின் இருபுறமும் சட்டம் ஒன்றே.

1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம்

நாளிதழ்களில் ஆயுதச் சட்டம் என்று குறிப்பிடப்படும் இச்சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்து, 1878 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. நாட்டுத் துப்பாக்கியைப் பொறுத்தவரை இதன் 3, 5 ஆம் பிரிவுகளைச் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

3 ஆம் பிரிவு துப்பாக்கியைப் பெறுவதற்கும் வைத்திருப்பதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது. இவ்வுரிமம் தருவதில் சட்டம் உழவர்பால் ஓரளவு கனிவு காட்டுகிறது. பயிரைக் காப்பதற்கு உண்மையாகவே தேவைப்படும் வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்குமாறு 13 ஆம் பிரிவு கூறுகிறது. அதாவது, நாட்டுத் துப்பாக்கியின் வடிவத்தைச் சட்டம் ஏழை உழவரின் கருவியாக ஏற்றுக்கொண்டுள்ளது.

5 ஆம் பிரிவு துப்பாக்கி செய்தல், விற்றல், கைமாற்றல், மாற்றியமைத்தல், பழுதுபார்த்தல், சோதித்தல் ஆகியவற்றுக்குத் தனி உரிமம் வேண்டும் என்கிறது. இது தொழில் நடத்துவோருக்கான உரிமம். பிகாரின் முங்கேர், சம்மு போன்ற இடங்களில் உள்ள தனியார் துப்பாக்கிப் பட்டறைகள் இத்தகைய உரிமத்தின் கீழ் இயங்கி வந்தவை. படுகைக்கு அருகில் முறைப்படி துப்பாக்கி செய்யப்படும் இடம், 1966 இல் தொடங்கப்பட்ட திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலை ஆகும். அது நடுவண் அரசுக்கு உரியது. ஆகவே பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்ற உழவர் ஒருவர் உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் துப்பாக்கி வாங்கலாம். அதையே தன் ஊர்க் கொல்லரிடம் செய்து வாங்க முடியாது. விசை பழுதானால் அதே கொல்லரிடம் கொடுத்துச் சரிசெய்யவும் முடியாது. கொடுத்தால் கொல்லர் 5 ஆம் பிரிவை மீறியவர் ஆகிறார். படுகையில் இன்றும் அரிவாளும் கலப்பைக் கொழுவும் அடித்துத் தரும் பட்டறைகளுக்கு இது வெறும் ஏட்டுச் சட்டம் அன்று.

துப்பாக்கி என்பதற்குச் சட்டம் தரும் வரையறையும் விரிவானது. முழுத் துப்பாக்கி மட்டுமன்றி அதன் உறுப்புகளும், துப்பாக்கி செய்வதற்கான பொறிகளும் அதில் அடங்கும். அரைகுறையாகச் செய்து வைத்தது குற்றமாகாது என்று எண்ணுவது தவறு. பொம்மைத் துப்பாக்கியைச் சுடக்கூடியதாக மாற்றுவதையும் குழலைக் குறுக்குவதையும் 6 ஆம் பிரிவு தடுக்கிறது. செய்தவர் பெயரோ எண்ணோ அடையாளக் குறியோ இல்லாத துப்பாக்கியை விற்பதையும் கைமாற்றுவதையும் 8 ஆம் பிரிவு தடுக்கிறது. வீட்டில் செய்த ஒன்றைப் பின்னர் உரிமத்தில் ஏற்றி முறைப்படுத்துவது ஏன் அரிது என்பதை இதிலிருந்து அறியலாம். கருமருந்தைப் பொறுத்தவரை 1884 ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் பொருந்தும்.

வழக்குத் தொடுப்பதிலும் வேறுபாடு உண்டு. உரிமம் இன்றி வைத்திருந்த குற்றத்துக்கு 3 ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடர, மாவட்ட நடுவரின் முன் இசைவு தேவை என 39 ஆம் பிரிவு கூறுகிறது. செய்த குற்றத்துக்கு இக்காப்பு இல்லை.

எல்லையும் உரிமமும்

சட்டம் ஒன்றே ஆயினும் நிர்வாகம் ஒன்றன்று. காரைக்காலைச் சுற்றியுள்ள மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. உரிமம் வழங்கும் அதிகாரி, காவல்துறை, வனத்துறை ஆகிய யாவும் எல்லையில் மாறுகின்றன. ஒவ்வொரு துப்பாக்கி உரிமத்திலும் அது செல்லுபடியாகும் எல்லை குறிக்கப்படும். காரைக்காலுக்கு மட்டும் வழங்கப்பட்ட உரிமத்துடன் வாஞ்சூரைத் தாண்டி நாகூர் வயலில் துப்பாக்கியோடு நிற்பவர், சட்டத்தின் பார்வையில் உரிமம் அற்றவர் போன்றவரே. பெரிய மாவட்டம் ஒன்றில் வாழும் உழவருக்கு எழாத இச்சிக்கல், வரப்பின் ஒருபுறம் ஒரு மாநிலமும் மறுபுறம் ஓர் ஒன்றியப் பகுதியும் உள்ள இடத்தில் இயல்பாக எழுகிறது.

பயிர்க் காவல் என்ற காரணமும் இங்கு வலுவற்றது. காரைக்காலில் மலையோ பெருங்காடோ இல்லை. நெல்வயலின் முதன்மைப் பகை எலி. அதற்குத் துப்பாக்கி பயன்படாது. மூங்கிலால் செய்யப்படும் தஞ்சாவூர்க் கிட்டியே அதற்கு உரிய கருவி. எனவே படுகையில் நாட்டுத் துப்பாக்கியின் உண்மையான பயன்பாடு பறவை வேட்டையாகவே இருந்தது.

தேர்தல் காலத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் வழக்கம் இருபுறமும் உண்டு. 2021 ஏப்ரல் 6 அன்று நடந்த சட்டமன்றத் தேர்தலிலும் 2024 ஏப்ரல் 19 அன்று நடந்த மக்களவைத் தேர்தலிலும் தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒரே நாளில் வாக்களித்தன.

காட்டுயிர்ச் சட்டத்தின் தாக்கம்

நாட்டுத் துப்பாக்கியின் பயன்பாட்டை ஒடுக்கியதில் படைக்கலச் சட்டத்தைவிட 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்கே பங்கு மிகுதி எனலாம். தொடக்கத்தில் இச்சட்டத்திலும் வேட்டை உரிமங்களுக்கு இடம் இருந்தது. 1991 ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை நீக்கியது. அதன்பின், அட்டவணைப்படுத்தப்பட்ட கொக்கு, நாரை, உள்ளான் முதலிய பறவைகளைச் சுடுவது, கையில் இருப்பது உரிமம் பெற்ற துப்பாக்கியே ஆனாலும், குற்றமாயிற்று. நரிக்குறவர் ஒருவர் முறைப்படி புதுப்பித்த உரிமத்தை வைத்திருக்கலாம். ஆனால் அத்துப்பாக்கியால் அவர் தம் மரபுத் தொழிலைச் செய்ய முடியாது. எலி, காகம் முதலியவற்றைத் தீங்குயிர்களாகப் பட்டியலிட்டிருந்த ஐந்தாம் அட்டவணையும் 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. அத்திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

காரைக்காலுக்குத் தெற்கே உள்ள கோடியக்கரை 1967 இல் காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 2002 இல் ராம்சர் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. புகலிடத்திலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவுக்குள் வாழும் உரிமதாரர்கள் தம் துப்பாக்கியை வனத்துறையிடம் பதிவுசெய்ய வேண்டும். அவ்வெல்லைக்குள் தலைமைக் காட்டுயிர்க் காப்பாளரின் இசைவின்றிப் புதிய உரிமம் தரக்கூடாது. காரைக்கால் இவ்வெல்லைக்கு அப்பால் உள்ளது. ஆனால் வலசை வரும் பறவைகள் படுகையின் வயல்களிலும் கழிமுகங்களிலும் பரவி இறங்குவதால், வேட்டைத் தடையின் தாக்கம் இங்கும் அதே அளவினதே.

தமிழ்நாட்டில் நரிக்குறவரும் குருவிக்காரரும் 2023 சனவரியில் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். இது தமிழ்நாட்டுப் பட்டியலுக்கு மட்டும் உரியது. புதுச்சேரிக்குத் தனிப் பட்டியல் உண்டு. பழங்குடி என்ற ஏற்பு துப்பாக்கி வைத்திருக்கவோ செய்யவோ விலக்கு எதையும் தருவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

2016, 2019 ஆம் ஆண்டு மாற்றங்கள்

2016 சூலையில் வெளியிடப்பட்ட படைக்கல விதிகள் 1962 ஆம் ஆண்டு விதிகளை நீக்கின. இவ்விதிகளில் பொழுதுபோக்காளரை நேராகத் தொட்டது காற்றுத் துப்பாக்கி பற்றிய வரம்பு ஆகும். குழல் விட்டம் 0.177 அங்குலத்தை, அதாவது 4.5 மில்லிமீட்டரை, அல்லது ஆற்றல் 20 சூலை விஞ்சினால் அது உரிமம் தேவைப்படும் வகையில் சேரும். கடையில் உரிமம் இன்றி வாங்கிய காற்றுத் துப்பாக்கியின் சுருளை வலுவாக்கி அவ்வரம்பைத் தாண்டச் செய்பவர், தாம் அறியாமலே உரிமம் தேவைப்படும் துப்பாக்கி ஒன்றைச் செய்தவராகிறார்.

2019 திசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் தண்டனைகளை உயர்த்தியது. ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கை 3 இலிருந்து 2 ஆகக் குறைந்தது. உரிமம் இன்றி வைத்திருப்பதற்கான சிறைத்தண்டனை 1 முதல் 3 ஆண்டுகள் என்பதிலிருந்து 2 முதல் 5 ஆண்டுகள் ஆயிற்று. உரிமம் இன்றிச் செய்வதற்கான தண்டனையோ 3 முதல் 7 ஆண்டுகள் என்பதிலிருந்து, குறைந்தது 7 ஆண்டுகள், மிகுந்தால் வாழ்நாள் சிறை என்று உயர்ந்தது. வைத்திருந்த குற்றத்தில், சிறப்புக் காரணங்களைப் பதிவுசெய்து குறைந்த அளவுக்கும் கீழான தண்டனை விதிக்க நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. செய்த குற்றத்தில் அவ்விடம் இல்லை.

இத்திருத்தத்தின் இலக்கு, வட மாநிலங்களில் குற்றக் கும்பல்களுக்காகக் கட்டா எனப்படும் கள்ளக் கைத்துப்பாக்கிகளைத் திரளாகச் செய்யும் பட்டறைகளும் படைக்கலக் கடத்தலும் ஆகும். ஆனால் நூறு கைத்துப்பாக்கி செய்தவருக்கும் கொக்குச் சுடுவதற்காக ஒரு நாட்டுத் துப்பாக்கி செய்தவருக்கும், செய்த குற்றத்தை மட்டும் பொறுத்தவரை, 25 ஆம் பிரிவு ஒரே கீழ்வரம்பை வைக்கிறது. இது இத்திருத்தத்தின் குறைபாடாகக் கருதத்தக்கது. மலைப்பகுதிகளில் காவல்துறை அவ்வப்போது, தாமாக முன்வந்து நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைப்போர் மீது வழக்கு இல்லை என்று அறிவித்து அவற்றைத் திரட்டி வருகிறது. சட்டத்தின் கடுமைக்கும் ஊர் நடப்புக்கும் இடையிலான தொலைவு இவ்வறிவிப்புகளில் தெரிகிறது.

துப்பாக்கி என்ற வரையறைக்குள் எளிதில் அடங்காத கருவிகளும் உள்ளன. விலங்குகளை விரட்டக் குழாயால் செய்யப்படும் கார்பைடு வெடிகுழல், 2025 அக்டோபரில் தீபாவளியின்போது விளையாட்டுப் பொருளாகப் பரவி, மத்தியப் பிரதேசத்தில் சிறுவர் பலருக்குக் கண்ணில் கடும் காயம் ஏற்படுத்தியது.

குடகு விலக்கு

படைக்கலச் சட்டத்தின் 41 ஆம் பிரிவின்படி நடுவண் அரசு சிலருக்கு விலக்கு அளிக்கலாம். கருநாடகத்தின் குடகுப் பகுதியில் குடகு இனத்தவரும் சம்மா நில உரிமையாளரும் துப்பாக்கி உரிமம் பெறுவதிலிருந்து விலக்குப் பெற்றுள்ளனர். பிரித்தானியர் காலம் முதல் தொடரும் இவ்விலக்கு, 2019 அக்டோபரில் மேலும் 10 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. கருநாடக உயர் நீதிமன்றம் 2021 இல் இதனை ஏற்றது. எனினும் இவ்விலக்கு 3, 4 ஆம் பிரிவுகளுக்கே உரியது. துப்பாக்கி செய்வதற்கான 5 ஆம் பிரிவிலிருந்து அவர்களுக்கும் விலக்கு இல்லை.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் 1968 ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், விற்பனை நோக்கமின்றித் தனக்காகத் துப்பாக்கி செய்துகொள்வதற்கு உரிமம் கோரவில்லை. சில மாநிலங்கள் தனியே தடை விதித்துள்ளன. பாதி செய்து முடிக்கப்பட்ட உறுப்புகளைத் தொகுப்பாக விற்பதைக் கட்டுப்படுத்தும் நடுவண் விதி 2022 இல் வந்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் அவ்விதியை ஏற்றது. இந்திய முறைக்கு இது நேர் எதிர்: அங்கு செய்தல் இயல்பு, கட்டுப்பாடு விலக்கு.

2013 இல் அமெரிக்கரான கோடி வில்சன் முப்பரிமாண அச்சு முறையில் செய்யத்தக்க கைத்துப்பாக்கி ஒன்றின் வரைபடத்தை வெளியிட்ட பின், பல நாடுகள் பொருளை மட்டுமன்றி வரைபடத்தையும் கட்டுப்படுத்த முற்பட்டன. சிங்கப்பூர் 2021 இலும் கனடா 2023 இலும் இயற்றிய சட்டங்கள் அத்தகையவை. சப்பானில் முன்னாள் தலைமை அமைச்சர் சின்சோ அபே 2022 சூலை 8 அன்று வீட்டில் செய்யப்பட்ட துப்பாக்கியால் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து 2024 இல் அந்நாட்டுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. இந்தியச் சட்டத்தில் முப்பரிமாண அச்சுக்கெனத் தனிப் பிரிவு தேவைப்படவில்லை. 5 ஆம் பிரிவு, எம்முறையில் செய்தாலும் செய்தலையே குற்றமாக்குகிறது.

இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் பல திருத்தங்களுடன் நடைமுறையில் உள்ளது. அங்கு இடியனைவிடக் கூடுதல் இடர் தருவது, விலங்கு வரும் தடத்தில் கட்டிவைத்துத் தானே வெடிக்கவிடும் கட்டுத்துவக்கு ஆகும். வயலுக்கும் காட்டுக்கும் செல்வோர் இதனால் காலை இழப்பதும் உயிரிழப்பதும் உண்டு.

பழம்பொருளாக நாட்டுத் துப்பாக்கி

வழக்கொழிந்த வகையினதாகவோ பழம்பொருள் மதிப்புடையதாகவோ பழுதடைந்ததாகவோ இருந்து, செப்பனிட்டாலும் சுடப் பயன்படாத படைக்கலங்களுக்குப் படைக்கலச் சட்டம் பொருந்தாது என 45 ஆம் பிரிவு கூறுகிறது. பரணில் கிடக்கும் பாட்டனார் காலத்துத் துப்பாக்கி இப்பிரிவில் அடங்குமா என்பது அதன் வயதை மட்டும் பொறுத்ததன்று. துருவை நீக்கி விசையை மாற்றினால் சுடும் என்ற நிலையில் இருந்தால் அது துப்பாக்கியே. அதைத் தானே பழுதுபார்த்துச் சோதித்து அறிய முயல்வதும் 5 ஆம் பிரிவின்கீழ் வரும். அத்தகைய துப்பாக்கி வைத்திருப்போர் அதனை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற படைக்கல விற்பனையாளரிடமோ ஒப்படைக்க 21 ஆம் பிரிவு வழிசெய்கிறது.